நாற்பது பலூன்கள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படிகளை உயரமாகக் கட்டியவன் நான்தான் என்று. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூழ்கிய கப்பலைப் பார்க்க அடுத்த மாதம் கடலுக்கடியில் இறங்கப் போகிறாய், அவசரக் காற்றுக்கு முதுகுச் சிலிண்டரிலேயே இரண்டாவது வாய்க்குழாய் போதுமா, தனியாகச் சின்னச் சிலிண்டர் கட்டிக்கொள்ளவா என்று கேட்டிருக்கிறாய். இருபத்திரண்டு வருடம் துறைமுகத்தில் கப்பல்களின் அடிவயிற்றைச் சுரண்டியவனிடம் கேட்டாயே, சந்தோஷம். இரண்டும் வேண்டும். இரண்டாவது வாய்க்குழாய் உன் கூட்டாளிக்கு, அவருக்குக் காற்று தீர்ந்தால் நீ நீட்டுவதற்கு. உன் சிலிண்டரே கைவிட்டால் அதுவும் கூடவே கைவிடும். உனக்கு என்று இருப்பது அந்தச் சின்னச் சிலிண்டர்தான்.

ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. உன் ஏழாவது பிறந்தநாள் ஞாபகம் இருக்கிறதா, கூடம் முழுக்கப் பலூன், கதவைத் திறந்தால் வாசலுக்கு உருண்டு வரும், நீ அவற்றின் நடுவே படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாய். அத்தனையையும் அப்பா வாயால் ஊதினார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தாய். இல்லையம்மா. என் சின்னச் சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து அதில்தான் ஊதினேன். மறுநாள் காலை பெரிய சிலிண்டரைச் சோதித்தேன், சின்னதைப் பார்க்கவில்லை. என்றைக்குமே தொடாதது நிறைந்துதானே இருக்கும் என்ற பழக்கம். கடலுக்கடியில் கப்பலை உந்தும் விசிறியில் சுற்றிய கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தபோது என் பெரிய சிலிண்டரின் காற்றுக் குழாய் வெடித்தது. சின்னதை வாயில் வைத்தேன், நாலு மூச்சு வந்தது, ஐந்தாவது வரவில்லை. என்னோடு வேலைக்கு இறங்கியிருந்த மொட்டை மாமா கப்பலின் அந்தப் பக்கம் இருந்தார். என் விளக்கு ஆடுவதைப் பார்த்து வந்து, தன் இரண்டாவது வாய்க்குழாயை என் வாயில் திணித்தார். மேலே வந்ததும், என்னய்யா, காத்துக்குப் பதிலா கனவா ரொப்பி வெச்சிருந்தே என்றார். பலூன் ஊதிட்டேன் என்றேன். சிரித்தவர் அப்படியே படித்துறையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தைகிட்ட மட்டும் சொல்லிடாதே, அப்புறம் பலூனைப் பாத்தாலே பயப்படும் என்றார். இத்தனை வருடம் சொல்லவில்லை.

இதுவரை எழுதி மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன், அம்மா படித்துவிட்டாள். என்கிட்டகூடவா மறைச்சீங்க என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் காபியை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இன்று காலை காபி வைக்கும்போது, நீங்க முப்பது போதும்னீங்க, நாந்தானே இன்னும் பத்து ஊதுங்கன்னு கேட்டேன் என்றாள். அந்தப் பத்து இல்லாவிட்டாலும் நான் சின்னச் சிலிண்டரைச் சோதித்திருக்க மாட்டேன் என்று சொன்னேன். உனக்கும் அதையே சொல்கிறேன். கேட்டவர்கள்மேல் தப்பே இல்லை, பார்க்காதவன் தப்பு. அந்த நாளைச் சந்தோஷமாகவே நினைத்துக்கொள்.

சின்னதை இடது விலாப் பக்கம், கண்ணை மூடினாலும் கை போகும் இடத்தில் கட்டு. ஒவ்வொரு முறையும் முதலில் அதில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் முள்ளைப் பார், இரண்டு மூச்சு இழுத்துப் பார், பிறகு பெரியதைத் தொடு. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு கண்ணே. இறங்குவதற்கு முன் முள்ளைப் படம் எடுத்து அனுப்பு, அம்மா கேட்கிறாள்.

என்றும் உன் நினைவாக,
வாயால் ஊதாத அப்பா