அலையாத்தித் திட்டில் போட்ட குலவை

இன்று காலை உன் குலவை கேட்டது.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றிருந்தேன். கிழக்கு வயலிலிருந்து நாற்றும் சேறும் கலந்த வாடை வந்துகொண்டிருந்தது. குறுவை நடவு தொடங்கப்போகிறார்கள் என்று நினைத்த அதே நேரம் குலவை எழுந்தது. இரண்டு குரல். பின்னால் தண்ணீர் சலசலக்கிறது, யாரோ சிரிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறதடி.

செருப்புக்கூடப் போடாமல் வயலுக்கு ஓடினேன். உன் மகள் வரப்பில் நிற்கிறாள், செல்போனை உயரப் பிடித்துக்கொண்டு. எட்டுப் பெண்கள் கையில் நாற்று முடியோடு சேற்றில் நிற்கிறார்கள். நீ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிப் போட்ட அந்த ஒரு மா நிலம். சுற்றிலும் எல்லாம் மிஷின் நடவு. இது மட்டும் கைநடவுதான் என்று உன் மகள் பிடிவாதமாக இருக்கிறாள். உன் மகள் வேறு எப்படி இருப்பாள்?

"வாங்க சித்தி! அம்மா குலவையோட ஆரம்பிச்சிருக்கேன். கேட்டுச்சா?" என்றாள்.

கேட்டது என்றேன்.

அந்த அலையாத்தித் திட்டுக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதத் தைரியம் வராது. சம்பா அறுத்து முடித்த கையோடு, "ஏடி, இத்தனை வயசாயிடுச்சு, நன்னிலத்தத் தாண்டி நாம ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும்தான் போயிருக்கோம். ஒரு நாளாவது சும்மா போய்ட்டு வருவோம்" என்று உன்னை நச்சரித்தேன். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் படம் காட்டிக் காட்டியே எனக்குப் பூநாரையை நேரில் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனால் கூட்டம் கூட்டமாக நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். நீ முதலில் முறைத்தாய். "கொக்கப் பாக்க காசு குடுத்துப் போவணுமா? நம்ம வயல்ல நிக்காத கொக்கா?" என்றாய். ஆனால் மறுநாள் காலை எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றது நீதான், கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையில்.

முத்துப்பேட்டையில் இறங்கியதும் முதலில் தர்காவுக்குப் போனோம். சர்க்கரையும் ரோஜாப் பூவும் வாங்கிக் கொடுத்து வேண்டிக்கொண்டாய். என்ன வேண்டினாய் என்று கேட்டேன். "ஒன் வாய் கொஞ்சம் கொறையணும்னு" என்றாய். பிறகு படகுத்துறை. நம்மோடு பன்னிரண்டு பேர், பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள். படகு ஆற்றைக் கடந்து காட்டுக்குள் நுழைந்ததும் எல்லோர் பேச்சும் அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரங்கள், சேற்றிலிருந்து குத்தி நிற்கும் வேர்கள், ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. நீதான் அந்த அமைதியைப் பொறுக்கமாட்டாமல், வாயருகே கையை வைத்து, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாய். நானும் சேர்ந்துகொண்டேன். கூடப் பிறக்காவிட்டாலும், சின்ன வயதில் ஒரே வயலில், ஒரே வரிசையில் நின்று கற்றுக்கொண்ட குலவை. இரண்டு பேர் போடுவதும் ஒரே மாதிரி இருக்கும், எது யார் என்று உன் அம்மாவுக்கே தெரியாது. அந்தப் பெண்கள் துள்ளிக் குதித்தார்கள், கைதட்டினார்கள், "இன்னொரு தடவ ஆன்ட்டி" என்றார்கள். நாம் இன்னொரு தடவை போட்டோம். போட்டிருக்கவே கூடாது.

திட்டில் இறக்கிவிட்டபோது படகுக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். "இந்த மரப்பாலத்தத் தாண்டாதீங்கம்மா. வாய்க்கால்ல எறங்கிடாதீங்க. மூணு மணிக்கு எல்லாரும் இங்க இருக்கணும், கடல் தண்ணி ஏறிடும்." நீ சிரித்தாய். "அண்ணே, நாங்க சேத்துலயே பொறந்து சேத்துலயே வளந்தவங்க. எங்களுக்கா சொல்றீங்க?" அவர் சிரிக்கவில்லை. "இது வேற சேறும்மா" என்றார். நம் இருவர் காதிலும் விழுந்தது. விழவில்லை என்று இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

சாப்பிட்டு முடித்து, அந்தப் பெண்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, மரங்களுக்கு அந்தப் பக்கம் வெளேரென்று தெரிந்தது. பூநாரைகள். இடையில் ஒரு வாய்க்கால். மீன் பிடிக்கிறவர்கள் காட்டுக்குள் வெட்டிவைத்த வாய்க்கால் அது. நேராக, நம் ஊர் வாய்க்கால் அளவிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் உனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது, வடிந்துகொண்டும் இருந்தது.

"மூணு மணிக்கு வரச் சொன்னாரேடி" என்றேன், ஒப்புக்கு.

"வடியுது பாரு. முறை முடிஞ்சிருக்கு. வடிஞ்ச தண்ணி அடுத்த முறைக்குத்தான் வரும். இதுகூடத் தெரியாதா ஒனக்கு? டீச்சர் வேலைக்குப் போயி எல்லாத்தையும் மறந்துட்ட."

நாற்பது வருஷம் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சியவள் நீ. மேலே மடையை அடைத்தால் கீழே வடியும், மறுபடி திறக்கும்வரை வராது. நமக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் மேற்கேயிருந்து வருவது, ஒரே பக்கமாகப் போவது. கடலுக்கும் ஒரு முறை உண்டு, அதற்கு மடை கிடையாது என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்? படகுக்காரர் சொன்னார். நாம்தான் கேட்கவில்லை.

கடந்து போனோம். கால் புதைந்தபோதுகூட நீ நடவுக்காரியின் நடையில், பாதத்தைச் சாய்த்து வைத்து, எனக்கு வழிகாட்டிக்கொண்டே போனாய். பறவைகள் ஒரு கூப்பிடு தூரத்தில் நின்றன. இறக்கையை விரித்தபோது உள்ளே இருந்த அந்தச் சிவப்பைப் பார்த்து நீ வாயைப் பிளந்தாய். "யம்மாடி, உள்ளுக்குள்ள சீல கட்டியிருக்குடி இதுங்க" என்றாய். அந்த முகத்தை நான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக உன்னை உன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. என் பாவத்தில் அது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருக்கும் ஆறுதல்.

திடீரென்று அத்தனை பறவைகளும் ஒன்றாக எழும்பின. ஏன் என்று தெரியவில்லை. திரும்பி நடந்தோம். வழியில் நண்டுகள் வளைகளை விட்டு வேர்களில் ஏறிக்கொண்டிருந்தன. வாய்க்கால் ஓரம் வந்ததும் நீ நின்றுவிட்டாய். வடிகிற பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்த ஒரு பழுத்த இலை அசையாமல் நின்றது. பிறகு மெல்ல நம் பக்கம் திரும்பி வந்தது.

"என்னடி இது, எல எதுத்து வருது?" என்றாய். அப்போது உன் குரலில் கிண்டல் இல்லை.

தண்ணீர் அதற்குள் முழங்காலைத் தாண்டிவிட்டது. நடுவாய்க்காலில் என் கால் புதைந்தது. இழுத்தால் இன்னும் புதைந்தது. நம் வயல் சேற்றுக்கு அடியில் கெட்டியாகத் தரை இருக்கும், அதை நம்பித்தானே காலை வைக்கிறோம். இந்த உளைச் சேற்றுக்கு அடியே இல்லை. நான் அலறினேன். நீ பின்னால் வந்து, என் இடுப்பைப் பிடித்து, "படுடி, தண்ணி மேல படு, வேரப் புடி" என்று நெட்டித் தள்ளினாய். என் கை வேரில் பட்டது. ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது என்னைத் தள்ளிய விசையில் நீ தொடைவரை இறங்கியிருந்தாய்.

புடவையை அவிழ்த்து வீசினேன். பிடித்துக்கொண்டாய். நான் இழுக்க இழுக்க புடவைதான் கிழிந்தது, நீ அசையவில்லை. தண்ணீர் உன் மார்புக்கு வந்தது. ஆளைக் கூப்பிட்டுக் கத்தினேன். காற்று எதிர்க்காற்று, குரல் மரத்துக்குள்ளேயே செத்துப்போனது.

"கத்தாதடி. கத்துனா கேக்காது. கொலவ போடு, அதான் தூரத்துக்குப் போவும்" என்றாய்.

நீயே தொடங்கினாய். நானும் சேர்ந்தேன். கேட்டது, நன்றாகவே கேட்டது. மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டல் வந்தது. சிரிப்பு வந்தது. "சூப்பர் ஆன்ட்டி!" என்று ஒரு குரல் வந்தது. நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் எழுதமாட்டேன். மறுபடி போட்டோம். மறுபடி கைதட்டினார்கள். தண்ணீர் உன் வாய்க்கு வந்தபோது உன் குரல் நின்றது. நான் நிறுத்தவில்லை. நான் நிறுத்தினால் நீ இல்லை என்று ஆகிவிடும் என்று பயந்து, மூச்சு முட்ட முட்டப் போட்டுக்கொண்டே இருந்தேன். விளையாட்டுக்கு இவ்வளவு நேரமா என்று படகுக்காரருக்குத்தான் முதலில் தோன்றியிருக்கிறது. கழியும் கயிறுமாக ஓடி வந்தார். வந்து என்ன செய்ய?

அந்தப் பெண்களில் ஒருத்தி அந்த நேரத்தில் காட்டை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். துறையில் என் காலைக் கட்டிக்கொண்டு, "வெளையாட்டுன்னு நெனச்சோம் ஆன்ட்டி" என்று கதறினாள். உன் மகள் பிறகு படகில் வந்த எல்லோரையும் தேடிப் பிடித்து, அம்மா படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பெண் அதைத்தான் அனுப்பினாள், போகும்போது எடுத்தது என்று ஒரு பொய்யைச் சேர்த்து. உள்ளதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு மட்டும் வந்ததா? நீ வழுக்கி விழுந்ததாகத்தான் உன் மகளிடம் நானும் சொல்லியிருக்கிறேன்.

படத்தில் மரங்கள்தான் தெரிகின்றன. குலவை மட்டும் கேட்கிறது. முதலில் இரண்டு குரல், பிறகு ஒன்று.

இன்று வரப்பில் அதை எனக்கு இன்னொரு தடவை போட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "ரெண்டு பேரும் ஆரம்பிக்கிறீங்க, நடுவுல ஒருத்தர் நிறுத்திடுறீங்க. கடைசி வரைக்கும் போடுறது அம்மாதானே சித்தி?" என்றாள்.

வயலில் எட்டுப் பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாண்டி. ஒங்கம்மாதான்" என்றேன்.

"எனக்குத் தெரியும். நீங்க சீக்கிரம் தம் விட்டுடுவீங்கன்னு அம்மா சொல்லும்" என்று சிரித்தாள். "மனசு சரியில்லன்னா இதத்தான் போட்டுக் கேப்பேன் சித்தி. கடைசியா எவ்ளோ சந்தோஷமா இருந்திருக்கு பாருங்க."

நடவு முடிந்து கரையேறும்போது ஒரு குலவை போடச் சொல்லி எல்லோரும் என்னை வற்புறுத்தினார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இனி எப்போதும் அப்படித்தான் சொல்வேன். நான் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தால் போதும், தம் விடாமல் அதே குலவைதான் வரும்; தன் அம்மா என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது யாரை என்று உன் மகளுக்குத் தெரிந்துவிடும்.