மேற்குச் சரிவின் நிழல்

இன்று காலை தோட்ட வேலைக்கு வரும் பொன்னி, நடுவதற்காக வெட்டிய முள்முருங்கைக் கிளைகளைக் கட்டாகத் தலையில் சுமந்து வந்து இறக்கினாள். வெட்டுவாயிலிருந்து எழுந்த பச்சை வாசனை உன் கையின் வாசனை.

கல்யாணமான புதிதில் நாம் சண்டை போட்டது நகைக்காகவோ புடவைக்காகவோ அல்ல, 'நிழல்' என்ற சொல்லுக்காக. நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். ஒளி போய்ச் சேராத இடம்தான் நிழல், அது வெறும் இல்லாமை என்றேன். கரடியூர்க் காப்பித் தோட்டத்தில் பிறந்து தாவரவியல் படித்த நீ விடுவாயா? ஒரே செடியிலிருந்து வெயில்பட்ட இலை ஒன்றையும் நிழலில் வளர்ந்த இலை ஒன்றையும் பறித்து என் உள்ளங்கையில் வைத்தாய். நிழல் இலை அகலமாக, மெல்லிசாக, கரும்பச்சையாக இருந்தது. "ஏனுங்க, இல்லாத ஒண்ணு இலையை இப்படி மாத்துமாங்க?" என்றாய். வாத்தியார் இரண்டு இலைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

மரத்தடியில் விழும் வெயில் வட்டங்கள் சூரியனின் பிம்பங்கள் என்று சொல்லித்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். உனக்கோ, மரத்தடிக் காப்பிச் செடிக்கு நிழல் கூடுதலா குறைவா என்பதற்கு அவைதான் அளவுகோல். உச்சி வேளையில் தரையைப் பார்ப்பாய். வட்டங்கள் நெருக்கமாக இருந்தால் கிளையை விட்டுவிடுவாய், குறைவாக இருந்தால் கழிப்பாய்.

நிழலுக்கு மூன்றாவது பொருளைச் சேலத்து டாக்டர் சொன்னார். உன் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, "நுரையீரல்ல ஒரு நிழல் தெரியுதுங்க" என்றார். படத்தில் அது வெள்ளையாக இருந்தது. மலையேறும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ என் கையைத் தட்டி, "இதையும் சேத்துக்குங்க. நொம்ப வருசமா ரெண்டு அர்த்தத்தோடயே நின்னு போச்சு" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீ போன பிறகு நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். தரையைப் பார்க்காமல், எல்லா மரத்துக்கும் ஒரே அளவாகக் கிளை கழிக்கச் சொன்னேன். பொன்னி தடுத்தாள். "மேக்கால வெயில் ஏறுமுங்க சார். அம்மா அந்தப் பக்கம் கத்தியே வெக்க மாட்டாங்க." நான் கேட்கவில்லை. வெயில்பட்ட தண்டுகளை வண்டு துளைத்து, மேற்குச் சரிவில் பாதிச் செடிகள் செத்தன. அத்தனையும் நீ வைத்தவை. வெட்கமாக இருக்கிறது.

தோட்டத்தை விற்றுவிட்டு இறங்கி வந்துவிடுங்கள் என்கிறான் மகன். முடியாது என்று சொல்லிவிட்டேன். செத்த செடிகளைப் பிடுங்கி எரித்தாயிற்று. முதலில் மேற்கு ஓரம் முழுக்க முள்முருங்கை, அது தழைத்த பிறகு அதன் கீழே காப்பி.

"நிழல் கட்ட நாலஞ்சு வருசமாகுமுங்க சார். உங்களுக்கு இந்த வயசுல..." என்று ஆரம்பித்த பொன்னி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நீ குழி எடும்மா" என்றேன். "அதுவரைக்கும் நான் இருந்துக்கறேன்."