துப்பாக்கியோடு ஓர் ஆண்

1794 பிப்ரவரி 5, புதன்
மஸ்கிங்கம் ஆறு இன்னும் உறைந்தே கிடக்கிறது. உப்பு தீர்ந்துவிட்டது. ஆசகேலுக்குக் காய்ச்சல் விடவில்லை. சோளக்கஞ்சி ஒரு வாய் குடித்தார்.

பிப்ரவரி 7
விடியற்காலையில் ஆசகேல், என் புருஷன், கண்ணை மூடிவிட்டார்.

பிப்ரவரி 8
நூறு ஏக்கர் இலவசம் என்றுதான் கனெக்டிகட்டில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு வந்தோம். ஐந்து வருடம் குடியிருக்க வேண்டும். ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டத்தில் பெயர் வாசிக்கும்போது, வீட்டுக்கு ஓர் ஆண் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் நிலம் கொடுத்த கமிட்டியே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எந்தச் செவ்விந்தியர்களிடமிருந்து பிடுங்கிய மண்ணோ, அவர்கள் திரும்பி வந்தால் சுடுவதற்காம்! ஐந்து வருடம் முடிய இன்னும் நாலே மாதம். ஏழு வயது மகள் மெர்சியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்?

யாருக்கும் சொல்லவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் நானே குழி வெட்டினேன். மண் பாறையாக இறுகிக் கிடந்தது. கூட்டத்துக்கு முரசு அடிக்கும் லேவி அந்த வழியாக வந்தவர், நின்று பார்த்தார். மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

"நான் எதையும் பாக்கல," என்றார், வெட்டிக்கொண்டே.

பிப்ரவரி 9, ஞாயிறு
"ஆசகேல் புரூவெட்!" கேப்டன் ஹாலட் இரண்டு தடவை கூப்பிட்டார்.

"காய்ச்சல்ல படுத்திருக்காருங்க."

"அடுத்த வாரமாச்சும் வரச் சொல்லும்மா. மூணு வாரம் வரலன்னா எங்கையில ஒண்ணுமில்ல."

பொய் சொல்ல வாய் கூசவேயில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 12
ஆசகேலின் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று. நான் என்ன பிறவி?

பிப்ரவரி 16, ஞாயிறு
மறுபடியும் காய்ச்சல் என்றேன். பக்கத்து வீட்டுக் கெசியா, "கஷாயம் வெச்சுக் கொண்டாரேன்டி" என்றாள். தொற்றிக்கொள்ளும், வராதே என்று கத்திவிட்டேன். பாவம், அவள் முகம் சுண்டிப்போனது.

பிப்ரவரி 18
லேவி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உன் நிலத்துக்கு ஒரு ஆம்பள வேணும். எனக்கு நிலம் இல்ல, துப்பாக்கி இருக்கு. வேற வழி தெரிஞ்சா நீயே சொல்லு, லிடியா."

தெரியவில்லை. ஆண்டவரே, எனக்குத் தெரியலையே. அவரு போயி ரெண்டு வாரங்கூட ஆகலையே—

பிப்ரவரி 23, ஞாயிறு
ஆசகேல் இறந்துவிட்டார் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சொன்ன கையோடு லேவியின் கையைப் பிடித்தேன். போதகர் சாவையும் கல்யாணத்தையும் ஒரே ஜெபத்தில் முடித்துவிட்டார். கெசியா என்னைக் கட்டிக்கொண்டாள். துக்கம் கேட்பதா வாழ்த்துவதா என்று தெரியாமல் விழித்தாள்.

"லேவி பாஸ்கம்!" ஆசகேல் பெயர் இருந்த இடத்தில் கேப்டன் கூப்பிட்டார்.

"இருக்கேன்!"

நிலம் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெர்சி என் காதருகே வந்து கேட்டாள், "இப்போ அப்பாவுக்காக அழலாமாம்மா?"

லேவி உள்ளே சுவரில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாம அழு," என்றேன்.