கண்ணாடியின் என் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

வீட்டுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் மறுபடியும் அந்த இரண்டு கொக்குகள். செருப்பைக் கழற்றி எறிந்தேன். செருப்பு சேற்றில் விழுந்தது. கொக்குகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க ஆளுங்கதானே, உள்ள கூப்பிட்டு டீ குடுங்க," என்றாள் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து. நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள் என்பதால் பொறுத்துக்கொண்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் இன்னொரு செருப்பும் போயிருக்கும்.

தபாலில் பெரிய உறை ஒன்று வந்தது. நான் வேலை பார்த்த பழைய ரேடார் நிலையத்தைக் காட்சியகமாக மாற்றுகிறார்களாம். இருபத்தெட்டாம் தேதி திறப்பு. சாமான்களை அடையாளம் சொல்ல வர முடியுமா என்று காப்பாளர் அம்மா மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். கூடவே, ஒவ்வொரு பொருளின் அடியிலும் மாட்டப்போகும் வாசகங்களின் பட்டியல். ஏழாவது இது:

"கொக்கைத் துரத்திய போர்விமானங்கள்: எங்கள் நிலையத்தின் மறக்க முடியாத நகைச்சுவை."

மார்ச் 4, புதன்

இன்று யாரிடமும் பேசவில்லை. கொக்குகளிடம்கூட.

மார்ச் 5, வியாழன்

எழுதி வைக்கிறேன். நாற்பத்தொரு வருடமாக மனுக்களில் எழுதியதுதான். மனு படிக்கிறவர்கள் இரண்டாவது வரியைத் தாண்டுவதில்லை. இந்த நோட்டு எங்கும் ஓடிப்போகாது.

கண்காணிப்பு அறையின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை. அதன் முன்னால் அதிகாரி உட்கார்ந்திருப்பார். பின்னால் நான், காதில் ஹெட்போன், கையில் மெழுகுப் பென்சில். ரேடார் திரையைப் பார்ப்பவன் திசையை டிகிரியிலும் தூரத்தைக் கிலோமீட்டரிலும் சொல்லச் சொல்ல, பலகையின் ஓரத்தில் எழுதுவேன். முன்னால் இருப்பவருக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி, வலமிருந்து இடமாக எழுத வேண்டும்.

அந்த வேலைக்கு என்னை எடுக்கவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போனவன் நான். எட்டாம் வகுப்பு. பஸ் ஜன்னலில் மூச்சை ஊதி, விரலால் இடவலம் மாறிய எழுத்து பழகினேன். ஆறே மாதத்தில் பட்டம் வாங்கியவர்களைவிட வேகமாக எழுதினேன். என் எண்களில் வளைவே இருக்காது. எல்லாம் நேர்கோடு, மூலை மூலையாக. மங்கிய வெளிச்சத்திலும் குழப்பம் வராது. அதுவும் நானாகக் கண்டுபிடித்தது.

அன்று மேகம் மூடிய மதியம். திசை 250, தூரம் 88 என்றான் திரைக்காரன். யார் என்று சொல்லாத விமானம், எல்லையை நோக்கி வருகிறது. எழுதினேன். அதிகாரி விமானதளத்துக்குப் போனில் சொன்னார். இரண்டு போர்விமானங்கள் கிளம்பின. கிளம்பிய பிறகு அவற்றுக்கு வழி சொல்வது தளத்தின் வேலை, எங்களுடையதல்ல. பத்து நிமிடத்தில் விமானி சொன்னானாம்: "இங்க கொக்குக் கூட்டம்தான் இருக்கு."

என் கண்ணாடியில் அந்த மர்ம விமானத்து ஆள் எல்லைக்குள் பதினொரு கிலோமீட்டர் வந்து, நிதானமாகத் திரும்பிப் போனான். நிமிடத்துக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் வேகம். எந்தக் கொக்கு அப்படிப் பறக்கும்?

விசாரணை வைத்தார்கள். விமானி கொக்கைக் கண்ணால் பார்த்தானா? பார்த்தான். யார் எழுதிய எண்ணை நம்பிப் போனான்? நான் எழுதியதை. அவ்வளவுதான். தளத்துக்குப் போன எண் என்ன என்று கேட்டேன். ரகசியம் என்றார்கள். திரைக்காரன் ஞாபகமில்லை என்றான், இப்போது அவனும் இல்லை. அதிகாரி என் முன்னாலேயே சொன்னார்: "எட்டாவது படிச்சவன் கையில பென்சிலக் குடுத்தது என் தப்பு சார்."

பதிவேட்டில் எழுதினார்கள்: இலக்கு: பறவை. எழுதுபவரின் பிழை.

என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை நட்டும் போல்ட்டும்தான். பெயரும் மாறியது. கொக்கு. என் மகளைப் பள்ளிக்கூடத்தில் கொக்குப் பொண்ணு என்று கூப்பிட்டார்கள்.

இப்போது அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிறார்கள். நான் போன பிறகும் அது தொங்கும். விடுவேனா?

மார்ச் 7, சனி

காப்பாளருக்குப் போன் செய்தேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அம்மா கத்தவில்லை. "ஐயா, பதிவேட்டுல இருக்கறதத்தான் நாங்க எழுத முடியும். வேற ஏதாவது ஆதாரம் இருந்தா குடுங்க, நானே மாத்துறேன். பழைய கோப்பெல்லாம் போன வருஷம் திறந்துவிட்டாங்க. தளத்தோட பதிவும் கிடைக்கும், நகல் அனுப்பட்டுமா?"

நாற்பத்தொரு வருடம் ரகசியமாக இருந்தது, ஒரு போன் தூரத்தில் கிடக்கிறது!

மாலை மகள் பேசினாள். "அப்பா, போதும்பா. யாருப்பா அதை எல்லாம் நின்னு படிக்கப்போறாங்க?"

உன் பிள்ளைகள் படிப்பார்கள். சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

நகல் வந்தது. தளத்தின் பதிவு, அன்றைய தேதி, யாரோ அழகான கையெழுத்தில் எழுதியது:

திசை 025. தூரம் 88. தகவல் வந்தது இரண்டாம் தொலைபேசியில்.

025?

நான் எழுதியது 250. நான் தென்மேற்குப் பக்கம் காட்டினேன். அவர்கள் வடகிழக்கில் போய்த் தேடியிருக்கிறார்கள். அங்கே கொக்கு இருந்திருக்கிறது, விமானி பொய் சொல்லவில்லை. அவன்மேல் எத்தனை வருடக் கோபம் எனக்கு!

ஆனால் எண் எப்படி மாறியது? தூரம் மட்டும் சரியாக இருக்கிறதே?

மார்ச் 11, புதன்

போனில் தப்பாகக் கேட்டிருப்பார்களா? டூ ஃபைவ் ஜீரோ எப்படி ஜீரோ டூ ஃபைவ் ஆகும்? காது இவ்வளவு ஒழுங்காகத் தப்புப் பண்ணாது.

மார்ச் 13, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

கண் மருத்துவமனையில் வலது கண்ணுக்கு மருந்து விட்டு, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா நான்? இடது கண்ணைத் திறந்து வாசல் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போகிறவர்கள் படிக்க அதில் நீல எழுத்து ஒட்டியிருக்கிறார்கள். உள்ளிருந்து பார்த்தால் மருத்துவர் பெயர் இடவலம் மாறி, பட்டம் இடவலம் மாறி, எல்லாம் இடவலம் மாறி. பார்வை நேரம் மட்டும் நேராக இருக்கிறது. 2 – 5.

அது எப்படி அது மட்டும்?

எழுந்து கதவுக்கு வெளியே போனேன். 2 – 5. உள்ளே வந்தேன். 2 – 5. மூலை மூலையாக வெட்டிய எண்கள். கண்ணாடிக்குப் பின்னால் போனால் இரண்டு ஐந்தாகிறது, ஐந்து இரண்டாகிறது, இடமும் மாறிக்கொள்கிறது. மறுபடியும் வெளியே, மறுபடியும் உள்ளே.

"தாத்தா, கண்ண மூடுங்க! மருந்து எல்லாம் வழியுது!" என்று நர்ஸ் ஓடிவந்தாள்.

"நாற்பத்தொரு வருஷமா மூடித்தாம்மா இருந்தேன்," என்றேன். அவள் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டாள்.

250-ஐப் பின்னாலிருந்து படித்தால் 025. எட்டு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எட்டு. இரண்டாம் தொலைபேசி எங்கே இருந்தது? பலகைக்குப் பின்னால். என் முதுகுப் பக்கச் சுவரில். அன்று அதிகாரி என்னை ஒதுக்கிவிட்டு அதை எடுத்துத்தான் பேசினார்.

மார்ச் 14, சனி

சமையலறை ஜன்னலில் மனைவியின் கண்மைப் பென்சிலால் அன்று போலவே இடவலம் மாற்றி எழுதினேன். கை மறக்கவில்லை. அவளை வெளியே நிற்கவைத்துப் படிக்கச் சொன்னேன்.

"இருநூத்தம்பது."

உள்ளே வந்து என் பக்கத்தில் நிற்கச் சொன்னேன்.

"சைபர் இருபத்தஞ்சு... அட!" இரண்டு தடவை உள்ளே வெளியே நடந்தாள். பிறகு, இவள் கேட்பாள் என்று நான் நினைக்காத ஒன்றைக் கேட்டாள். "ஏங்க, எழுதினப்போ நீங்களும் இந்தப் பக்கம்தானே நின்னீங்க? உங்களுக்கு இது தெரியலையா?"

தெரியவில்லை. மூக்குக்கு நேரே 025 நின்றிருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. என் கைதான் எழுதியது. மனசு எப்போதும் அந்தப் பக்கம், அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

இன்னொன்றும் இருக்கிறது. வளைத்து எழுதியிருந்தால் பின்னாலிருந்து பார்த்தவருக்கு அது எண்ணாகவே தெரிந்திருக்காது. சந்தேகம் வந்திருக்கும். மூலை மூலையாக எழுதியது என் கண்டுபிடிப்பு. குழப்பமே வராது என்று பெருமை அடித்த கண்டுபிடிப்பு.

சொல்லாமல் விடலாமா? யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். சொல்லிவிட வேண்டியதுதான்.

மார்ச் 21, சனி

திறப்புக்கு முன் ஒத்திகை. காப்பாளரிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தேன். அந்த அம்மா கெட்டிக்காரர்.

அறை அப்படியே இருக்கிறது. பலகை துடைத்துப் பளபளக்கிறது. பின்சுவரில் அந்தக் கறுப்புப் போன்.

அன்றைய அதிகாரியையும் காப்பாளர் அழைத்திருந்தார்; கைத்தடியோடு வந்தார். என்னைவிட நாலு வயது சின்னவர், என்னைவிடக் கூன். "என்ன கொக்கு, உடம்பு எப்படி இருக்கு?"

"இன்னும் பறக்குது சார்."

சிரித்தார். நான் பலகைக்குப் பின்னால் போய் இரண்டே எண் எழுதினேன். காப்பாளர் கேமராவோடு அவரிடம் கேட்டார்: "சார், இந்தப் போனக் கையில எடுத்து, அன்னைக்கு மாதிரியே தளத்துக்குச் சொல்றீங்களா? ஒரு படம் எடுத்துக்கறேன்."

அவருக்கு அது பிடித்தது. பின்னால் வந்தார். நான் நகரும் முன்பே தோளில் கை வைத்து ஒதுக்கினார், அன்று போலவே. போனைக் காதில் வைத்து, பலகையைப் பார்த்து, பழைய கட்டளைக் குரலில் முழங்கினார்:

"திசை ஜீரோ டூ ஃபைவ்! தூரம் எட்டு எட்டு!"

"சார், முன்னாடி போய்ப் பாருங்க," என்றேன்.

போனார். நின்றார். திரும்பப் பின்னால் வந்தார். மறுபடியும் முன்னால். கைத்தடி சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது சுற்றில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"முதல் போன்ல யாரோ பேசிட்டிருந்தான்," என்றார், யாரையும் பார்க்காமல். "அவசரம். பின்னாடி ஓடினேன். உன்ன நகரச் சொன்னேன்ல?"

"தள்ளினீங்க சார்."

"தள்ளினேன்." பிறகு பழைய முறுக்கு லேசாக எட்டிப் பார்த்தது. "இப்படி மூலை மூலையா எழுதச் சொன்னது யாருய்யா?"

"நான்தான். அந்தப் பங்கு என்னுது." காப்பாளரிடம் திரும்பினேன். "அதையும் எழுதிக்கங்கம்மா."

"வளைச்சு எழுதியிருந்தா எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கும்."

"ஒரு நாள் சுத்தி வந்து பார்த்திருந்தாலும் புரிஞ்சிருக்கும் சார். நாற்பத்தொரு வருஷம் இருந்துச்சு."

பேனா கேட்டார். தானே ஒரு பக்கம் எழுதினார்: எண்ணைத் தவறான பக்கத்திலிருந்து படித்தவன் நான். எழுதியவர் சரியாகவே எழுதினார். வந்தது விமானம். கையெழுத்தும் போட்டார். எனக்கு முன்னால் நீட்டி, "பிழை இருந்தா சொல்லு," என்றார்.

தேடிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. சொன்னேன். எட்டாம் வகுப்பு சொல்ல, அவர் திருத்தினார்.

வெளியே வந்தேன். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. பஸ் வரும்வரை இரண்டும் வந்தது.

மார்ச் 28, சனி

திறப்பு விழா. ஏழாவது வாசகம் இப்போது: "எல்லைக்குள் வந்த விமானம் தப்பிய நாள். இந்தப் பலகையின் இரு பக்கமும் நின்று படியுங்கள்." வரிசை வாசல்வரை நின்றது. வருகிறவர்கள் எல்லாம் போனைப் பிடித்து "ஜீரோ டூ ஃபைவ்" என்று கத்தினார்கள். ஓர் ஆள் இடவலம் மாற்றி எழுத முயன்று தன் பெயரிலேயே தோற்றான். நான் எழுதிக் காட்டினேன். ஒரே மூச்சில். கை தட்டினார்கள்.

மகள் யாரோ தெரியாத பெண்ணிடம் சொன்னதைக் கேட்டேன்: "எழுதறவர் இருக்கார்ல, அவரு எங்கப்பா."

மே 19, செவ்வாய்

தலைமையகத்திலிருந்து கடிதம். இரண்டே வரி. பதிவேடு திருத்தப்பட்டது. இலக்கு: விமானம். வருத்தம் என்ற சொல் எங்கும் இல்லை. அதற்கு ஒரு மனு போடலாமா என்றேன் மனைவியிடம். "போடுங்க, போடுங்க, பொழுது போகணுமே," என்றாள்.

காலை 6.40. பின்கதவு. திசை 250, தூரம் பத்தடி. எண்ணிக்கை இரண்டு. நிதானமான வேகம். செருப்பு காலிலேயே இருந்தது.

இலக்கு: பறவை.