ரேடியோவை அணைத்தால் கேட்கும் சத்தம்

அனுப்புநர்:
தி. சீதாராமன்,
தணிக்கை அலுவலர் (பணி ஓய்வு),
மேற்கு மாரெட்பள்ளி, செகந்திராபாத்.

பெறுநர்:
மண்டல சேவை மேலாளர் அவர்கள்,
மகரந்தா மோட்டார்ஸ், சென்னை.

பொருள்: மின்சார பவர் ஸ்டியரிங் பம்பின் சத்தம் – மல்லாபூர் சர்வீஸ் நிலையத்தார் மறைப்பதாக ஐயம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் ஸ்மிதா, மாதாப்பூரில் உள்ள மென்பொருள் அலுவலகத்துக்குத் தங்கள் நிறுவனக் காரில்தான் போய் வருகிறாள். சில வாரங்களாக அதன் ஸ்டியரிங் பம்பு ஊளையிடுகிறது. முழுதாக ஒடித்தால் சற்று முனகும் என்று தங்கள் கையேடே சொல்கிறது. அதை நான் குறை கூறவில்லை. இது நேர்ச்சாலையில் போகும்போதும் ஊளையிடுகிறது.

2. மல்லாபூரில் விஸ்வநாத் என்ற ஊழியர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஏறியதும் ரேடியோவைப் போட்டார், ஏசியை முழுவேகத்தில் வைத்தார், அதன்பிறகே ஸ்டியரிங்கைத் தொட்டார். "வஹம் ஹை அங்கிள்" என்றார். அதாவது என் பிரமையாம். மூன்று முறை போனோம். மூன்று முறையும் முதலில் ரேடியோதான். இது பழக்கமா, பயிற்சியா என்பதைத் தாங்கள் விசாரிக்க வேண்டும்.

3. திரும்பி வந்த வண்டி சில நாள் வாயைத் திறப்பதில்லை. பிறகு மறுபடியும் ஊளை. கசிவை அடைக்காமல் பம்பின் பச்சை எண்ணெயை மட்டும் நிரப்பி அனுப்புகிறார்கள் என்பது என் ஐயம். எண்ணெய் குறைந்தால் காற்று புகும், காற்று புகுந்தால் பம்பு கத்தும். ஆதாரமும் உண்டு. கார் நிற்குமிடத்தில் என் மனைவி திரிபுரசுந்தரி போடும் கோலத்தில், மறுநாள் வண்டியை எடுத்ததும் பச்சைக் கறை. அது ஏசி தண்ணீர் என்கிறார் விஸ்வநாத். எந்த ஊரில் ஐயா ஏசி தண்ணீர் பச்சையாகச் சொட்டுகிறது? வாரண்டி இம்மாதக் கடைசியில் முடிவதை அவரே இரண்டு தடவை நினைவூட்டியதும் எனக்கு உறுத்துகிறது.

4. தணிக்கைக்காரனுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். இருக்கட்டும். கடந்த திங்களன்று பாரடைஸ் திருப்பத்தில் ஸ்டியரிங் திடீரென்று கல்லாய் இறுகி, பஸ்ஸுக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றதாம். சாப்பிடும்போது ஸ்மிதா சிரித்துக்கொண்டே சொன்னாள். பயமாக இருக்கிறது, ஐயா.

5. ஆகவே, அந்தப் பம்பை வேறொரு நிலையத்தில், ரேடியோவை அணைத்துவிட்டு, என் முன்னிலையில் சோதித்து மாற்றித்தர உத்தரவிடுங்கள். இம்மனுவை மல்லாபூருக்கே விசாரணைக்கு அனுப்பிவிட வேண்டாம். திருடன் கையில் சாவி கொடுத்தாற்போல் ஆகும்.

6. கார்ச் சாவி தொலைந்துவிட்டதாக ஸ்மிதாவிடம் சொல்லி, பூஜை அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன். செவ்வாய் முதல் என்னைத் திட்டிக்கொண்டே ஆட்டோவில் போகிறாள். மாற்றுச் சாவி பீரோவில் இருப்பது அவளுக்கு நினைவு வருவதற்குள் தங்கள் பதில் வந்து சேர வேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
தி. சீதாராமன்

இடம்: செகந்திராபாத்
நாள்: 16.9.2010
(விரைவுத் தபாலில்)