நிற்காமல் திரும்பிய பெட்டி

வியாழன், வெள்ளவத்தை.

செத்தவீட்டில் பெருமைப்படுவது சரியில்லைதான். ஆனாலும் இதை எழுதாமல் படுத்தால் நித்திரை வராது.

கொட்டாஞ்சேனையில் நான் வரைந்த ஃபிளட்டில் இன்று முதல் சாவு. மேல்மாடியில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர். சவப்பெட்டி லிஃப்டுக்குள் கொள்ளாது, படியால்தான் இறக்க வேண்டும்.

அந்தப் படித் திருப்பத்தை அகலமாக வைத்ததற்காகக் கட்டிய முதலாளி என்னோடு எவ்வளவு சண்டை பிடித்தார். "மிஸ், புது வீடு விக்கேக்க சாவைப் பற்றிக் கதைக்காதீங்கோ. அந்த இடத்தை உள்ளுக்க எடுத்தா இன்னொரு பாத்ரூம் போடலாம்." நான் விடவில்லை. வீட்டுக்குள் வரும் வழியை வரைகிறவர் கடைசியாகப் போகும் வழியையும் வரைய வேண்டும் என்று என் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். வெளிநாட்டு மேடைகளில் சொன்னால் கைதட்டுவார்கள். ஏன் எழுதினேன் என்று எங்கேயும் சொன்னதில்லை. இதே வெள்ளவத்தை ஃபிளட்டில் அப்பாவின் பெட்டி திருப்பத்தில் முட்டியது. நிமிர்த்தித்தான் இறக்கினார்கள். உள்ளே அவர் சரிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

இன்று தபாலதிபரின் மூத்த மகன் முன்னால் பிடித்திருந்தார். திருப்பம் வந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மெல்லத் திருப்பு, தம்பி," என்றார், பின்னால் பிடித்திருந்த இளையவரிடம்.

பெட்டி நிற்காமல் திரும்பியது. எல்லாரும் அழுதுகொண்டே இறங்கினார்கள். ஒருவரும் படியைக் கவனிக்கவில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அப்பா, நீங்கள் நின்றுகொண்டு போனீர்கள். இவர் படுத்தபடியே போனார்.