லேப்டாப்பும் உன் மீசையும்

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பிக்கைதான். போன் இருக்கும்போது அப்பா எதற்குத் தாளில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் எழுதினால் உனக்கு முன்னால் அம்மா படித்துவிடுவாள், அதனால்தான், காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன். அக்கா வேலை மாறிவிட்டாள், புது ஆபீஸ் வீட்டுக்குப் பக்கம், வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுகிறாள். அவள் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, தாத்தா பல் கட்டும் வேலை பார்த்தவர்தானே என்று அதைக் கையில் கொண்டுவந்து திருப்பி ஒட்டச் சொன்னாள். ரிட்டயர் ஆகிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

நீ விட்டுப்போன லேப்டாப் கொஞ்ச காலமாகவே இழுத்துக்கொண்டிருந்தது உனக்கே தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போது உன் முகம் அப்படியே நின்றுவிடும், குரல் மட்டும் வரும், பிறகு வாய் தனியாக அசையும். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை, அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை, வாய் ஒரு பக்கம் போகுது பேச்சு ஒரு பக்கம் போகுது, இதைச் சரி பண்ணுங்க என்று ஒரே நச்சரிப்பு. புதிது வாங்கி அனுப்புகிறேன் என்று நீ சொன்னாய், எனக்கோ அதற்குள்ளே என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்க்கும் ஆசை. முனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் போய்க் கேட்டேன். இது பழைய மாடல், பிராசசரைப் போர்டோடு பற்றவைத்திருக்க மாட்டார்கள், கழற்றி மாட்டலாம், வேகமானது ஒன்று உடைந்த மெஷினிலிருந்து எடுத்தது இருக்கிறது, நானே மாட்டித் தருகிறேன் என்றாள். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பழைய லென்ஸை மாட்டிக்கொண்டு, மூச்சுக் காற்று படக்கூடாது என்று மாஸ்க்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், ஆயுசு முழுக்க அப்படியே வேலை பார்த்துப் பழகிவிட்டது. பழையதை எடுத்தேன், புதியதை வைத்தேன், மேலே பசை தடவி மூடினேன், பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. கொஞ்ச நேரத்தில் தானே அணைந்து தானே எரிகிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு வருத்தமே வரவில்லை, ஏன் இப்படி என்ற குடைச்சல்தான். பேட்டரியைக் கழற்றி பட்டனை அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடிய விட்டேன், மெமரியை எடுத்துத் துடைத்து மாட்டினேன், திரைதான் கெட்டதோ என்று டிவியில் இணைத்துப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் பழைய பிராசசரையே திருப்பி வைத்தேன், அதுவும் ஓடவில்லை. அங்கேதான் எனக்கு உற்சாகம் பிறந்தது, புதியது மட்டும் ஓடாவிட்டால் அதன்மேல் பழி போடலாம், இரண்டுமே ஓடாவிட்டால் கோளாறு என் கையில் இருக்கிறது.

இதற்கு நடுவே அம்மாவை டார்ச் பிடிக்கச் சொல்லி, ஃபேன் சத்தம் மாறுகிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அவள் என் மாஸ்க்கைப் பிடித்துத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு, இப்ப சொல்லுங்க என்றாள். மேஜையை அடைத்துக்கொண்டிருக்கிறேன் என்ற கோபம் என்று நினைத்தேன். அந்த வாரம் நீ முகம் தெரியாமல் வெறும் போனில் கூப்பிட்டபோதெல்லாம் அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போனாள், நான் எட்டிப் பார்த்தேன், அடுப்பில் பால் இல்லை. எல்லாவற்றையும் மூடிய பிறகு ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

ரிப்பேர் கடைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். பிராசசர் பக்கத்தில் பூட்டு ஸ்க்ரூ ஒன்று இருக்குமே, முழுசாகத் திருப்பினீர்களா என்று கேட்டாள். திருப்பினேன், பாதியில் இறுகியது, நிறுத்திவிட்டேன் என்றேன். எங்கள் தொழிலில் இறுகினால் கையை எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் அழுத்தினால் பீங்கான் பல் விரிசல் விட்டுவிடும் என்றேன். இது பல் இல்லை சார், இறுக்கத்தைத் தாண்டித் திருப்புங்க என்று சிரித்தாள். புதியதை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன், நறுக்கென்று தாண்டியது, எனக்கே பல் கூசியது. மறுபடி பட்டனை அழுத்தினேன், திரை பளிச்சென்று வந்தது.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். நீ வேலையில் இருக்கும் நேரம், அதனால் போன புதிதில் உன் அறையைச் சுற்றிக் காட்டி நீ அனுப்பிய வீடியோவைப் போடச் சொன்னாள். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவள் சிரிக்கிறாள், தலையாட்டுகிறாள், பாத்தீங்களா, அடுப்பு துடைக்கிறதே இல்லைன்னு அவனே சொல்றான் என்று என்னிடம் காட்டுகிறாள். நான் மேஜையில் கிடந்ததைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் வயரை மாட்ட மறந்திருந்தேனடா. லேப்டாப்பிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அது அவளுக்குத் தெரியவில்லை.

வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் வந்து கேட்டேன், முதலில் மழுப்பினாள், பிறகு அழுதாள். இரண்டு காதும் மங்கி நெடுநாள் ஆகிறதாம், என் வாய், உன் வாய், கடைக்காரர் வாய் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்தே ஒப்பேற்றியிருக்கிறாள். அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைத்தவன் நான், எதிரில் இருந்தவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரியவில்லை. "அவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, வேலையை விட்டுட்டு பெட்டியைக் கட்டிடுவான்" என்றாள். காது டாக்டரிடம் வந்தால் சொல்லமாட்டேன் என்றேன். அவள் வந்தாள், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தால் திட்டு வாங்கிக்கொள்கிறேன். காதில் வைக்கும் மெஷின் நல்ல பலன் தரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அடுத்த வாரம் அளவு எடுக்கப் போகிறோம்.

நீ பெட்டியைக் கட்டாதே, அதற்கு இங்கே அவசியமில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே, முகத்தில் வெளிச்சம் விழட்டும். நடந்துகொண்டே பேசாதே, கப்பைக் கீழே வைத்துவிட்டுப் பேசு. எதையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. போன ஞாயிறு படம் நன்றாகத்தான் வந்தது, அப்போதும் அவள் நீ சொன்னதற்கெல்லாம் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த வீடியோவுக்குப் பிறகு உதட்டை மூடிக்கொண்டு நீ மீசை வளர்த்த நாளிலிருந்து எடுடா எடுடா என்று அவள் சொல்ல, என் முகம் என் இஷ்டம் என்று ஒருமுறை நீ பேச்சைப் பாதியில் துண்டித்துவிட்டுப் போனாய், நானும் உன் பக்கம் சேர்ந்து சிரித்தேன். அவள் உன் அழகைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த மீசை வந்ததிலிருந்து நீ பேசிய எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

நல்லா இரு. உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மீசையை எடுத்துவிடு.

உன் அப்பா